ஒட்டியிருந்த பக்கம்

எங்கள் வீட்டில் வண்டி ரிப்பேர் என்றால் வாய் மனைவியுடையது, கை என்னுடையது. அவள் பழைய மேனுவலைப் பிரித்து வரி வரியாக வாசிப்பாள். நான் செய்துவிட்டு "ஆச்சு" என்பேன். அவள் வாசிக்காத எதையும் நான் தொடக்கூடாது. போன தடவை என் இஷ்டத்துக்கு மாட்டிவிட்டு, கடைசியில் இரண்டு நட்டு மிச்சமானதால் வந்த சட்டம் இது.

இன்று என் தங்கையின் காருக்கு முன்சக்கர பிரேக் பேட் மாற்றினோம்.

"பிரேக்கைப் பிடிக்கிற போல்ட் ரெண்டையும் முதல்ல கையால திருகணும்" என்றாள். திருகினேன். "ஆச்சு."

பக்கத்தைப் புரட்டினாள். "சக்கரத்தை மாட்டணும்."

"அவ்வளவுதானா? ஸ்பானர் வேணாமா?"

"புஸ்தகம் போட்டவனை விட நீங்க பெரிய ஆளா?"

எனக்குச் சுருக்கென்றது. எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று மாட்டினேன். மறுபுறச் சக்கரத்துக்கும் அதே கதைதான். தங்கை சாவியை வாங்கிக்கொண்டு, மகனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மலை இறக்கம் வழியாகத் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி அலறினாள். ஓடிப் பார்த்தால், மேனுவலில் முப்பத்தொன்பதாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்திரண்டு. நடுவிலிருந்த இரண்டு பக்கமும் கிரீஸில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நகத்தால் பிரித்திருந்தாள். கொட்டை எழுத்தில் இருந்தது: "போல்ட்டுகளை ஸ்பானரால் முழுவதும் இறுக்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது."

தங்கைக்குப் போன் போட்டேன். எங்கள் சோபாவிலேயே மணி அடித்தது. பாவி, போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஸ்கூட்டரை விரட்டினேன். பின்னால் மனைவி, மடியில் ஸ்பானரும் மேனுவலும்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் கார் ஓரமாக நின்றது. பையன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்; தங்கை அவன் தலையைப் பிடித்திருந்தாள். நான் சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஒரு போல்ட்டைக் காணோம். மற்றதை விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

"சத்தம் கேக்கலையாடி உனக்கு?"

"கேட்டுச்சே அண்ணா. வழியெல்லாம் கடகடன்னுதான் இருந்துச்சு. நீயும் அண்ணியும் பாத்துப் பாத்துப் போட்டதாச்சே, புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்னு ஓட்டிட்டு வந்துட்டேன். இவன் மட்டும் வாந்தி வருதுன்னு அழலன்னா, இந்நேரம் பாதி இறக்கம் போயிருப்பேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். மேனுவல் சரியான பக்கத்தில் திறந்திருந்தது.

"வாசி" என்றேன்.

அவளுக்கு வாய் வரவில்லை. ஸ்பானரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.