அறுந்த காப்பு

வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் புவனேஸ் என் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். அதற்கப்புறம்தான் சோறு. சம்சு சாராயம் குடித்துவிட்டுத் தோட்டத்து லோரியைப் பள்ளத்தில் இறக்கிய மனுஷனை வேறெப்படி நம்புவது? லோரியைப் பிடுங்கிக்கொண்டு தேயிலைக்கு மருந்து அடிக்க அனுப்பிவிட்டார்கள். நான்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்க் குடியை நிறுத்த வைத்தேன். தினமும் ஊதினார். வாசனை இல்லை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டார். கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன்தான் லோரிகளுக்கும் பொறுப்பு.

"காப்பு அவுக்கிற வரைக்கும் சுத்தமா இருந்து காட்டு. திருவிழா முடிஞ்சதும் லோரி சாவி உனக்குத்தான்லா" என்றார்.

தீமிதிக்கு முந்தின நாள் பூ வாங்க பிரிஞ்சாங் டவுனுக்குப் போனவர், திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"ஊத வேணாம் குமுதா. குடிச்சிட்டேன். கூடக் காப்புக் கட்டின விமலன்தான் தானும் குடிச்சு எனக்கும் ஊத்திக் குடுத்தான், வேணாம்னு சொல்ல முடியல."

மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அப்படியே இருந்தது. கரண்டியை வீசினேன்.

"காப்புக் கட்டின கையாலயா? நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

"தப்புத்தான். காலையில தலைவர்கிட்ட சொல்லிடுறேன்."

"ஐயோ, வாய மூடிக்கிட்டு இருங்க! சாவி கைக்கு வரட்டும். ஆத்தா கால்ல அப்புறம் விழுந்துக்கலாம்."

"பொய் சொல்லிச் சொல்லித்தான் புள்ள இத்தன வருஷம் குடிச்சேன். இதையும் மறைச்சா நாளைக்கும் குடிப்பேன்."

காலையில் கூட்டத்துக்கு நடுவே போய்ச் சொன்னார். தலைவர் கத்தி வாங்கிக் காப்பை அறுத்து மண்ணில் போட்டார்.

"விமலன் பேரையும் சொல்லுங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அவன் பாவத்த அவன்தான் சொல்லணும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே கத்தினேன். "குடிகாரன் பொண்டாட்டி, பொறாமையில பேசுது" என்றார்கள். விமலன் தீயில் இறங்கி நடந்தான். பொம்பளைகள் அவன் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். திருவிழா முடிந்ததும் சாவியும் அவனுக்கே போயிற்று.

பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை, மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லையாம். சொன்னவன் எங்கள் தோட்டத்துக்கு வந்து பார்க்கட்டும்.

இப்போதும் சாயங்காலம் மருந்துப் பம்பை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நிற்கிறார். நான் கேட்காமலே குனிந்து ஊதுகிறார். பூச்சிமருந்து நாற்றம் மட்டும்தான் வருகிறது.

"இன்னைக்கும் குடிக்கல குமுதா."

கீழே ரோட்டில் கொழுந்து ஏற்றிய விமலனின் லோரி ஆரன் அடித்துக்கொண்டு போகும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போடுவேன்.

"அவன் குடிச்சிட்டுத்தான் ஓட்டுறான்" என்பேன்.