இரவல் சளி

ஊரில் ஆளாளுக்கு எதையெதையோ இரவல் வாங்குகிறார்கள். என் வீட்டுக்காரர் தேவசகாயம் சளியை இரவல் வாங்கினார். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். செவிலிமேட்டில் தன் மூச்சுக்கு ஈடு கிடையாது என்று பெருமை வேறு. அந்த மூச்சு போகும் நெஞ்சில்தான் போன வருஷம் டிபி குடியேறியது.

ஆறு மாத மாத்திரை. ஆஸ்பத்திரியில் முதலில் ஒழுங்காகக் கொடுத்தார்கள், பாதியில் ஸ்டாக் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வாலாஜாபாத்தில் கிடைக்கும் என்றார்கள், போனோம். அங்கே, காஞ்சிபுரத்திலேயே இருக்குமே என்றார்கள். இப்படிப் பந்தாடியதில் ஒரு மாதத்துக்கு மேல் மருந்தே இல்லை. பிறகு வந்தது. விட்ட இடத்திலிருந்து விழுங்கி முடித்தார். மாத்திரை முடிந்தது, இருமல் முடியவில்லை.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கின. பேண்டு மாஸ்டர் ஆனந்தராஜ் கறாராகச் சொல்லிவிட்டார்: "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா ஊது. இல்லாங்காட்டி வூட்ல குந்து. மாப்ள மேல இருமி வெச்சா யார் பதில் சொல்றது?"

ஆஸ்பத்திரியில் டிபி நோயாளிகளைக் கவனிக்கும் பிரவீனா சிஸ்டர் ஒரு டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறித் துப்பிக் கொண்டுவரச் சொன்னார். இவர் டப்பாவோடு நேராகப் போனது கலீல் பாய் கடைக்கு.

கலீல் பாய் இவருடைய சிநேகிதர். பித்தளை வாத்தியம் எது நசுங்கினாலும் நிமிர்த்தி ஈயம் வைத்து ஒட்டுகிறவர். ஒட்டியதும் தானே வாய் வைத்து ஊதிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆள் நெல் குதிர் மாதிரி இருப்பார். ஜன்னல் இல்லாத அந்தக் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் பேச்சு முடியவே முடியாது. சுத்தமான நெஞ்சு வேண்டுமென்றால் ஊரிலேயே பாய்தான் என்று என் வீட்டு மேதை முடிவு கட்டியிருக்கிறார்.

"பாய், இதுல ஒரு தபா துப்பு" என்றதும், ஏன் என்றுகூடப் பாய் கேட்கவில்லையாம். ஒரே காறலில் வேலை முடிந்ததாம். நல்ல உடம்புக்காரன் நெஞ்சில் அவ்வளவு கெட்டிச் சளி எங்கிருந்து வரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஈயப் புகை என்று பாய் சொல்ல, இவர் தலையாட்டியிருக்கிறார்.

சில நாளில் பிரவீனா சிஸ்டர் போன் செய்தார். "மருந்துக்குக் கட்டுப்படாத டிபிம்மா. சாப்ட்ட மாத்திர இனிமே வேலைக்கு ஆவாது. பெரிய மாத்திரைக்கு எழுதிப் போட்டுக்கீறேன். அத இதயம் தாங்குமான்னு பாக்க மொதல்ல ஈசிஜி எடுக்கணும், இட்டுக்கினு வாங்க."

நான் ஓவென்று அழுதேன். இவர் முகத்திலோ பிரகாசம். "அழாத சம்பூர்ணம்! அது என்னுது இல்ல, பாயோடது!"

அப்போதுதான் கதை முழுவதும் வெளியே வந்தது. கையிலிருந்த கரண்டியை எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். அவர் தலை பக்கத்தில்தான் இருந்தது.

"பாய்கிட்ட சொன்னியாய்யா?"

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்மா. மாஸ்டர் சேத்துக்க மாட்டாரு. என் பேர்ல மாத்திர வரும் இல்ல? நைசா வாங்கினு போய் பாய்க்குக் குடுத்துடறேன்."

"ஈசிஜிக்கும் அவரையே படுக்க வெப்பியா? நாளைக்கு செத்துப் போனா, பொட்டிலயும் அவரப் படுக்க வெச்சி உன் பேர எழுதிட்டு வருவியா?"

சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடைக்குக் கூட்டிப்போனேன். விஷயம் கேட்டு பாய் கோபப்படுவார் என்று பயந்தேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. அதைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரவீனா சிஸ்டர் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "அவங்கவங்க நெஞ்சுலேர்ந்து துப்புங்க. இங்கியேதான் நிப்பேன்" என்றார். இரண்டு பெரிய மனிதர்களும் வெயிலில் நின்று ஆளுக்கொரு டப்பாவில் காறினார்கள்.

இரண்டிலும் அதே கிருமி.

"உன் சரக்குதான்டா தேவு" என்றார் பாய். "நீ குடுத்தத டப்பாவுல திருப்பிக் குடுத்துட்டேன்."

நானும் சிரித்துவிட்டேன். பாயின் மனைவி ஜோஹராவை நினைத்ததும் சிரிப்பு நின்றது. எங்களைப் பந்தாடினவர்கள் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மருந்தில்லாத அந்த நாட்களில் என் வீட்டில் கொழுத்த கிருமிதான் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது.

பெரிய மாத்திரை வந்தது. ஒரே ஆளுக்கு. பெட்டி மேல் தேவசகாயம் என்று பெயர் ஒட்டியிருந்தது. இன்னொருவருக்கும் எழுதியிருக்கிறோம், எப்போது வரும் என்று தெரியாது என்றார் சிஸ்டர். எங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் புருஷன் பெயர் போட்டது. கையை நீட்டினேன்.

அதற்குள் இவர் எடுத்துப் பாய் மடியில் வைத்துவிட்டார். "உன் எக்ஸ்ரேதான் ரொம்ப மோசமாம். நீ ஆரம்பி பாய்."

"உன் பேர் போட்டுக்குது. தூக்கினு போடா."

பெட்டி அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. கடைசியில் பாய் என்னைப் பார்த்தார். நான் சொல்லாமல் அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்று புரிந்தது. சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன்.

"முழுங்குங்க பாய்" என்றேன். இவ்வளவு மனசில்லாமல் நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

பாய் விழுங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார்.