ஒரு பக்கம் போதும்

டாக்டரம்மா நாற்காலிக்கு அடியிலிருந்த பிடியை இழுத்து, உஸ்ஸென்ற சத்தத்தோடு எங்கள் முகத்துக்கு நேராக இறங்கி வந்தபோதே செய்தி நல்லதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தியை யாரும் இறங்கி வந்து சொல்வதில்லை. மேலேயிருந்தே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர், தரைக்கு எட்டாத கால்களை ஆட்டாமல் வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார். அவர் தச்சர். சும்மா உட்காரச் சொன்னால் அவருக்குக் கை கால் ஓடாது.

"கரு ஒண்ணே ஒண்ணுதான் தேறியிருக்கு. அதுலயும் ரெண்டு பக்கமும் இருக்கு," என்றார் டாக்டர்.

ரெண்டு பக்கம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நானும் அவரும் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. குட்டையாக வளரச் சொல்லும் மரபணு எங்கள் இருவரிடமும் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. பிள்ளைக்கு ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் எங்களைப் போல இருக்கும். யாரிடமிருந்தும் வராவிட்டால் ஊரில் எல்லோரையும் போல வளரும். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் நெஞ்சுக்கூடு விரியாது, மூச்சுக்கு இடம் இருக்காது. எங்கள் முதல் இரண்டும் அப்படித்தான் போயின. ஒன்று பெண், ஒன்று ஆண். மூச்சுக்குப் படாத பாடு பட்டு, என் விரலைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். இருவருக்கும் பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே சொல்லமாட்டேன். மூன்றாவது முறை வயிற்றில் விட்டுப் பார்க்கிற தைரியம் இல்லாமல்தான், வெளியே வைத்துக் கரு உண்டாக்கி நல்லதாகப் பொறுக்கி எடுக்கலாம் என்று இங்கே வந்தோம். பொறுக்குவதற்கு ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டுமே! எனக்கும் வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. இன்னொரு தடவை கருமுட்டை எடுக்க உடம்பு தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஆனா ஒரு வழி இருக்கு," என்றார் அவர். "கருவுலயே மரபணுவோட அந்த எழுத்தைத் திருத்திடலாம். இப்பத்தான் அனுமதி வந்திருக்கு. நானே பக்கத்துல இருந்து பண்ணுவேன். ரெண்டு பக்கமும் சரியாயிடும். எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் ஒசரமா வளரும்."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடையில் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விலை கேட்பாரே, அந்தக் குரல்.

"டாக்டர், ஒரு பக்கம் போதும்."

"என்னங்க?"

"ரெண்டையும் திருத்த வேணாம். ஒண்ணை மட்டும் திருத்துங்க. இன்னொண்ணு இருந்துட்டுப் போவட்டும். உசிரோட இருக்கும், எங்கள மாதிரி இருக்கும். எங்களுக்கு அது போதும்."

நாங்கள் இதைப் பற்றிப் பேசி வைத்திருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதும், அடடா, என் மனசில் கிடந்ததும் இதுதானே என்று இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

"கைவேலையாப் பாத்தா முடியும். ஆனா அனுமதி குடுக்கற குழு ஒத்துக்காது. நோயை எடுக்கறதுக்கு மட்டும்தான் கருவுல கை வைக்கலாம்னு விதி. கையும் வச்சுட்டு, தெரிஞ்சே பாதி நோயை உள்ள விட்டுட்டு வர முடியாதுங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை கேக்கும், சரி பண்ண முடிஞ்சும் ஏன் விட்டீங்கன்னு."

"பாதி நோய்னா அது நாங்கதான்," என்றார் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே. டாக்டரால் தலை நிமிர முடியவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "சரி பண்ணினா மட்டும் கேக்காதா? ஏன் என்னை உங்கள மாதிரி விடலன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றேன்.

"அப்படி யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றார் டாக்டர். என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னார். தெருவில் 'கட்டை' என்று கூப்பிடுகிறவன் பரவாயில்லை, அவனைத் திட்டிவிட்டுப் போகலாம். இதற்கு என்ன செய்வது? ஒரு வாரத்தில் முடிவைச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

எங்களைப் பற்றி ஊருக்கு இரண்டு பழமொழி தெரியும். 'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்பது ஒன்று. என் வீட்டுக்காரர் அதைப் பட்டறைக்கு வருகிறவர்களிடம் தானே முதலில் சொல்லிவிடுவார். "பெரியவங்க சொல்லியிருக்காங்க, எதுக்கும் அளவை நீங்களே ஒரு தடவை பாத்துக்கங்க," என்பார். வந்தவர் சிரித்து முடிப்பதற்குள் வேலை பேசி முடிந்திருக்கும். 'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் ஆகாது. கீர்த்தி இல்லாவிட்டால் எங்களுக்கு இருக்க உரிமை இல்லையா? நான் இரண்டாம் வகுப்பு டீச்சர், அவர் கதவும் அலமாரியும் செய்கிறவர். கீர்த்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் நன்றாகத்தான் இருக்கிறோம்.

வீட்டைப் பார்த்தால் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் ஒவ்வொன்றாக இறக்கினார். அடுப்பு மேடை என் இடுப்புக்கு, சுவிட்சுகள் என் தோளுக்கு, தாழ்ப்பாள், கைகழுவும் தொட்டி, துணிக்கொடி எல்லாம் எங்கள் கைக்கு. கூடத்துக் கண்ணாடிக்குச் சட்டம் அவரே இழைத்து எங்கள் முகத்துக்கு நேராக மாட்டினார். "வெளியே பூராவும் நாம அண்ணாந்து பாக்கறோம், இங்க வர்றவங்க கொஞ்சம் குனியட்டுமே," என்பார். விருந்தாளிகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து நாங்கள் இருவரும் கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்போம். பாவம்தான், இருந்தாலும் சிரிப்போம்.

பள்ளிக்கூடத்தில் வருஷத்தின் முதல் நாள் ஏதாவது ஒரு வாண்டு, "நீங்க எந்த கிளாஸ்?" என்று என்னைக் கேட்கும். வருஷம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக என் பக்கத்தில் வந்து நின்று, உள்ளங்கையைத் தன் தலையிலிருந்து என் தலைக்குத் திருட்டுத்தனமாக நீட்டி அளந்து பார்க்கும். அடுத்த வருஷம் என்னைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நடைவழியில் பார்த்தால் லேசாகக் குனிந்து பேசும். குனிய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த வாரம் முழுக்க, குனிந்த ஒவ்வொரு பிள்ளையிலும் நான் என் பிள்ளையைப் பார்த்தேன். ஏழு வயசு வரை என்னோடு நிற்கும். அப்புறம் ஆயுசு பூராவும் என்னிடம் குனிந்து பேசும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். அம்மா நல்ல உயரம். எங்கள் வீட்டு முக்காலியில் முட்டி காதுக்கு வர உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"என்னைப் பெக்கறதுக்கு முன்னாடி இப்படி ஒருத்தர் உன்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? சரி பண்ணுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

கை உரித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. மடியிலிருந்து இரண்டு பட்டாணி உருண்டு ஓடியதை அவள் பார்க்கவில்லை.

"உன்னைக் குறையாச் சொல்லல கண்ணு. பஸ் படியில ஏற முடியாம நீ பட்ட பாடு, பள்ளிக்கூடத்துல உன்னைத் தூக்கி அலமாரி மேல உக்கார வச்சாங்களே, அன்னிக்கு நீ அழுத அழுகை... எனக்குத்தானே தெரியும். அப்பவும் நீதானேடி பொறந்திருப்ப. ஒசரமா, நல்லா."

"நானா?" என்றேன்.

அந்த உயரமான பெண்ணை நினைத்துப் பார்த்தேன். அவள் பஸ்ஸில் ஏறி நின்று மேலே கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வேறு யாரையோ கட்டியிருப்பாள். இந்த வீட்டு வாசலில் என் வீட்டுக்காரரைப் பார்த்தால் கொஞ்சம் குனிந்து, "அலமாரி எப்ப ரெடியாகும்?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். நான் படக்கூடாது என்பதற்காக என்னையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிற பித்து அது. அம்மா மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவளும் அழுதாள். கீழே ஓடிய பட்டாணியை இருவருமாகப் பொறுக்கினோம். எனக்குச் சுலபம், அவளுக்கு இடுப்பு வலி.

மறுநாள் பட்டறைக்குப் போய் வாசலில் கிடந்த பலகைமேல் உட்கார்ந்தேன். அவர் இழைப்புளியை நிறுத்தவில்லை.

"வேணாம்னு சொல்லிடலாமா?" என்றார். "நமக்கு நாம போதும்."

"வேணாம்னா அதுவும் போயிடும். மூணாவதும் போயிடும்."

"போகுமே."

"உசிரோட ஒண்ணு இருக்கட்டுங்க. யாரை மாதிரி வேணா இருந்துட்டுப் போகட்டும். என் விரலைப் புடிச்சா திரும்ப விடணும், விட்டுட்டு விளையாட ஓடணும். எனக்கு அது போதும்."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மரத்தூளைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் என் அம்மாவைப் போலவே சொல்லிவிட்டேன் என்பது வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

திருத்தினார்கள். வயிற்றில் வைத்தார்கள். கரு நின்றது.

ஐந்தாம் மாத ஸ்கேனில், படம் எடுத்த பெண் கருவியை உருட்டிக்கொண்டே, "தொடை எலும்பு நல்ல நீளம்! சூப்பரா வளருது," என்று சந்தோஷமாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர், "நெஞ்சு?" என்று மட்டும் கேட்டார். "நெஞ்சுக்கூடு நல்ல அகலம் சார், கவலையே வேணாம்." அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். எனக்குக் கண்ணீர் காது வரை வழிந்தது. அவள் துடைக்கத் தாள் கொடுத்தாள். எல்லா அம்மாவும் அழுகிற அழுகைதான் என்று நினைத்திருப்பாள். பாதி அதுதான். மீதி பாதி, போய்ச் சேர்ந்த அந்த இரண்டு பேருக்குமான அழுகை. தம்பியோ தங்கையோ வரப்போகிறது, உங்கள் ஜாடை துளியும் இருக்காது என்று அவர்களிடம் யார் சொல்வது?

அதற்கடுத்த ஞாயிறு அவர் கருவிப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பிள்ளை இந்த வீட்டுல குனிஞ்சே வளரணுமா? ஒண்ணொண்ணா ஏத்திடலாம்."

"இன்னும் பொறக்கவே இல்லையே!"

"நான் மெதுவா வேலை பாக்கறவன்," என்றார்.

அன்று வந்திருந்த அம்மாவைச் சுவரோடு நிற்கவைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஏணி போட்டு ஏறி, கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் முகத்துக்கு நேராக மாட்டினார். அம்மா சீப்பை எடுத்து அவிழ்ந்திருந்த கொண்டையை வாரி முடிந்துகொண்டாள். "இந்த வீட்டுல இன்னிக்குத்தான் நிமிந்து நின்னு தலை வாருறேன்," என்றாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. இத்தனை வருஷம் சொல்லாமலே குனிந்திருக்கிறாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, என் வயிற்றை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பழக்கத்தில் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அவரும் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தோம். எதிர்ச் சுவரின் கடிகாரம் தெரிந்தது, கதவின் மேல்கட்டை தெரிந்தது, ஒரு துண்டு கூரை தெரிந்தது.

"நம்ம ரெண்டு பேரையும் காணோமே டீச்சர்," என்றார்.

சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை. உள்ளே அது ஒரு உதை விட்டது. நீளமான கால்.

கையால் தடவித் தடவி வகிடு எடுத்தேன். "நேரா இருக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கோணல்," என்றார். சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.