துண்டுக்குள்ளிருந்து எடுத்த கை

2023-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலையில், திண்டுக்கல் பேகம்பூரில், தோல் வியாபாரி முகமது பாரூக் தன் மகன் ஹஸ்ஸானின் தோளில் வைத்த கை தோளுக்குள் இறங்கி முதுகு வழியாக வெளியே வந்தது. தொழுகை முடிந்து எல்லாரும் சலாம் சொல்லித் தழுவிக்கொண்டிருந்த நேரம். பிடிமானம் கிடைக்காமல் பாரூக் தடுமாறி, மகனையே கடந்துபோய், பின்னால் நின்ற தரகர் அப்துல் கையூம் மேல் விழுந்தார். குறைந்தது இருபது பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பெருநாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று பிரியாணிக்குப் போய்விட்டார்கள். அன்று மல்லிகைப்பூ விலை இறங்கியிருந்தது, ஆட்டுக்கறி ஏறியிருந்தது, பாரூக்கின் கை மகன் மேல் படாமல் போனது. மூன்றையும் சேர்த்தே எழுதிவைப்பதுதான் முறை.

சங்கதி தொடங்கிய இடம் ஆத்தூர் போகும் சாலையில் மூடிப்போன ஒரு தோல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் பொட்டல். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் ரக்பி ஆடுகிறது. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும், எறிவதென்றால் பின்னால் வருபவருக்குத்தான் எறிய வேண்டும், பந்து வைத்திருப்பவரை எதிரணிக்காரர் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். இதில் என்ன சுகமோ, ஆடுகிறவர்களுக்குத்தான் வெளிச்சம். அணியைத் தொடங்கியது இரண்டு பேர். ஒருவர் ஸ்தனிஸ்லாஸ், சென்னையில் பத்து வருஷம் ஆடிவிட்டு முழங்கால் போய் ஊருக்குத் திரும்பி, பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர். இன்னொருத்தி வடமதுரைக்காரி கீர்த்தனா, திருநங்கை, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறாள். கீர்த்தனா அதற்கு முன்னால் ஒரு கபடி அணியில் இருந்தாள். உடையையும் பெயரையும் மாற்றிக்கொண்டு அவள் ஆடப் போன முதல் நாள், எதிர்ப்பக்கம் நின்ற ஏழு பேரில் ஒருவனும் அவளைப் பிடிக்கக் கை நீட்டவில்லை. ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் பாட்டுக்குப் போய் ஏழு பேரையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். புள்ளி கொடுத்தார்கள், மறுநாள் வர வேண்டாம் என்றும் சொன்னார்கள். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்தது இந்த அணி. ஆண்களை விரும்பும் ஆண்கள், பெண்களை விரும்பும் பெண்கள், ஆணாகப் பிறந்து பெண்ணானவர்கள், இரண்டும் இல்லை என்பவர்கள் என்று பதினாறு பேர் சேர்ந்தார்கள். ஊரில் இவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு, அதையெல்லாம் எழுதி மையை வீணாக்க வேண்டாம். அணிக்கு ஒரே விதி, யாரும் யாரையும் தொடாமல் ஒதுங்கக் கூடாது. 2021-இல் சேர்ந்த ஹஸ்ஸானை முதல் நாளே மில் தொழிலாளி ஆனந்தி இடுப்பைப் பிடித்துக் கவிழ்த்ததில் முன்பல் உடைந்தது. பல் போன சந்தோஷத்தில் அவன் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனான்.

பையன் பந்து விளையாடுகிறான் என்பதுதான் வீட்டுக்குத் தெரியும். 2023 மார்ச்சில், நோன்பு தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து குடோனில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களுக்கு நடுவே அத்தாவும் மகனும் மட்டும் இருந்தபோது, ஹஸ்ஸான் வாயைத் திறந்தான். பெரியகுளத்தில் பார்த்திருக்கும் பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிட வேண்டாம், எனக்கு மனசு போவது ஆண்கள் பக்கம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னான். பாரூக் கெட்ட மனுஷன் இல்லை. நாக்குத்தான் அவருக்கு வராது. நாற்பது வருஷமாக வாயால் சொல்ல முடியாததை எப்படிச் சொல்லிப் பழகியிருந்தாரோ அப்படித்தான் அன்றும் செய்தார். தோல் மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். முழுக் கையையும் இறுக்கிப் பிடித்தால் சம்மதம். கையை உருவிக்கொண்டால் சரக்கு வேண்டாம் என்று அர்த்தம், அந்தப் பருவம் முடியும்வரை அதை அவர் தொடக் கூடாது. பருவம் என்பது பக்ரீத்துக்குப் பக்ரீத். பாரூக் தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன் கைமேலும் தன் கைமேலும் போட்டார். ஹஸ்ஸான் மண்டியிலேயே வளர்ந்தவன், உங்கள் இஷ்டம் என்பதற்கு அடையாளமாக விரல்களை விரித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது, ஆள் இறங்கினான், கதவைத் தட்டினான். பாரூக் கையை உருவிக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு மாதம் அத்தாவும் மகனும் ஒரே வீட்டில் விடியுமுன் நோன்புக்கான சஹர் சாப்பாடு சாப்பிட்டார்கள், ஒரே குடோனில் வேலை பார்த்தார்கள். ஒருவரையொருவர் தொட வேண்டிய வேலை ஒரு தடவைகூட வரவில்லை. அதனால் பெருநாள் காலை வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த அன்று மத்தியானம் பாரூக், அப்துல் கையூமிடம் மட்டும் அழுதார். “யோசிக்கத்தான் கைய எடுத்தேன் கையூமு. வேணாம்னு எடுக்கல. செத்த நேரம் யோசிக்கத்தான்.” துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கைக்கு மண்டியில் ஒரே அர்த்தம்தான் என்பது கையூம் பாரூக்கிடமே கற்றுக்கொண்ட பாடம்.

ஹஸ்ஸான் குடோனில் சொன்ன விஷயம் பரவப் பரவ, கை படாத இந்தக் கோளாறும் பரவியது. சித்திரை முடிவதற்குள் அம்மா சைனம்புவின் கை அவன் தலைக்குள் போய்வந்தது, தங்கை ஷாஹினாவின் கை போனது, சவரக்கடைக்காரர் கன்னத்தைப் பிடிக்க முடியாமல் கத்தியை மடித்து வைத்தார். தட்டு, பந்து, கதவு, கட்டில் எல்லாம் அவனுக்கு எப்போதும்போல் இருந்தன. மனுஷக் கையும் உடம்பும் மட்டும் படாது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார் டாக்டர், நாடி பார்க்கத்தான் அவராலும் முடியவில்லை. ரேஷன் கடையில் விரலைப் பிடித்து மெஷினில் அழுத்தப் போன பெண்ணின் கை காற்றில் அலைந்தது. அவனே வைத்ததும் ரேகை பளிச்சென்று விழுந்து சர்க்கரை கிடைத்தது. ஆக, அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவன் இருந்தான்.

பொட்டலில் மட்டும் கதை வேறு. அங்கே பதினைந்து பேரும் எப்போதும்போல் அவனைப் பிடித்து உருட்டினார்கள். ஏன் என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. கீர்த்தனா அவனுக்கு முடி வெட்டிவிட்டாள், ஆனந்தி காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சேவுகம்பட்டியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றிவரும் விக்னேஷ்குமார் அவன் கையைப் பிடித்தபடி ஆலைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஹஸ்ஸான் வீட்டில் பேசுவதைக் குறைத்தான், ஞாயிற்றுக்கிழமையை எண்ணி வாழ்ந்தான். மற்ற ஆறு நாளும் கூட்டமான பஸ்ஸில் இடமே தேவைப்படாமல் நின்று வந்தான். அது எவ்வளவு பெரிய தனிமை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலே ஊர்க்காரர்களான எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய.

சைனம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குச் சட்டியில் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பொட்டலுக்கு வந்தாள். பிள்ளை தலையில் எண்ணெய் பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை கீர்த்தனா மாதிரி ஒருத்தியைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துபோகிற பெண்தான் சைனம்பு. அன்று நேராக அவளிடம் போய்ச் சட்டியை நீட்டினாள். “இதைக் கொஞ்சம் எம்புள்ளைக்குத் தேய்ச்சுவிடும்மா. எங்கையி படமாட்டேங்குது.” கீர்த்தனா கல்லில் உட்கார்ந்து ஹஸ்ஸானைக் காலடியில் உட்காரவைத்துத் தேய்த்தாள். சைனம்பு இரண்டடி தள்ளி நின்று, காதுக்குப் பின்னால் தேயும்மா, உச்சியில் இன்னும் கொஞ்சம் வை, அவனுக்குச் சூட்டு உடம்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் விரல்களும் காற்றில் தேய்த்துக்கொண்டிருந்தன. முடிந்ததும் கீர்த்தனாவின் எண்ணெய்க் கைகளை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வாராவாரம் வருகிறாள், கீர்த்தனாவுக்கும் சேர்த்தே எண்ணெய் காய்ச்சுகிறாள்.

பாரூக் பக்ரீத்தை நம்பியிருந்தார். பருவம் முடிந்தால் மண்டி வழக்கமும் முடிந்தது, புதுத் தோலுக்குப் புதுப் பேச்சு. 2023 ஜூன் கடைசியில் பக்ரீத் வந்தது. தொழுகை முடிந்ததும் தெருவே பார்த்துக்கொண்டு நிற்க, அவர் துண்டை விரித்து மகன் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டார். துண்டு கொஞ்சம் அசைந்தது. ஏதோ தேடுவது தெரிந்தது. வெகுநேரம் தேடினார். “விரல விரிச்சுத்தான் வெச்சிருக்கேன்த்தா,” என்றான் ஹஸ்ஸான். பாரூக் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு குடோனுக்குப் போய்ப் புதுத் தோல்களுக்கு உப்புப் போட்டார். அடுத்த வருஷப் பக்ரீத்திலும் அதேதான், அதற்கு அடுத்த வருஷமும் அதேதான். விரல் நுனியில் தடவியே ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்று சொல்கிற கை அது. அந்தக் கைக்கு இப்படி ஒரு கேடு வந்ததே என்று மண்டியில் வருத்தப்படாத ஆளில்லை. பெரியகுளத்துப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது.

மூன்றாவது பக்ரீத்துக்கு மறுவாரம் பாரூக் தானே பொட்டலுக்கு வந்தார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஸ்தனிஸ்லாஸ் முன்னால் போய் நின்றார். “இங்க உள்ளவங்க கை மட்டும் அவன் மேல படுதாம்ல. என்னையும் ஆட்டத்துல சேத்துக்கங்க தம்பி. எதுத்த பக்கம் போடுங்க. பிடிக்கிற ஆளா போடுங்க.” ஸ்தனிஸ்லாஸ் முழங்காலைப் பற்றிச் சொன்னார், வயதைப் பற்றிச் சொன்னார், எலும்பு முறிந்தால் யார் பதில் சொல்வது என்றார். பாரூக் கைலியை அவிழ்த்தார், உள்ளே ஷாஹினா மாப்பிள்ளையின் டிராக் பேண்ட்டைப் போட்டு வந்திருந்தார். கீர்த்தனா மட்டும் சிரிக்காமல் சொன்னாள், “உள்ள வாங்க பாய். ஆனா விதி ஒண்ணுதான். என்னையும் பிடிக்கணும், ஒதுங்கக் கூடாது.” பாரூக் சரி என்று தலையை ஆட்டினார். அவள் பந்தோடு வந்தபோது பிஸ்மில்லா சொல்லி அவள் இடுப்பைப் பிடித்தார், இரண்டு பேரும் கட்டிப்புரண்டு விழுந்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அடுத்து ஹஸ்ஸான். அவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தாவை நோக்கி நேராக ஓடிவந்தான். பாரூக் குனிந்து கையை விரித்தார். மகன் அவரைக் கடந்து போனான், அவர் முகம் குப்புற மண்ணில் விழுந்தார். தாடை கிழிந்தது. “இன்னொரு தடவ வாலே,” என்றார். அன்று பதினோரு தடவை விழுந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். விக்னேஷ்குமாரைப் பிடிக்க முடிந்தது, ஆனந்தியைப் பிடிக்க முடிந்தது, துண்டுக்குள்ளிருந்து உருவிய கை எல்லாரையும் பிடித்தது, ஒருத்தனைத் தவிர. எந்த மகன் தகப்பனை இப்படி வாராவாரம் தரையில் விழவைப்பான்? ஓடமாட்டேன் என்று ஹஸ்ஸான் ஒரு நாள் பந்தைப் போட்டுவிட்டு அழுதான். பாரூக் பந்தை எடுத்து அவனிடமே நீட்டினார்.

இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிறு, ஹஸ்ஸான் ஓடிவந்தவன், அத்தாவைக் கடந்து போகவில்லை. அவர் நின்ற இடத்திலேயே, அவருக்குள்ளேயே, நின்றுவிட்டான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு ஆள்தான் தெரிந்தது, காலடியில் இரண்டு ஜோடிப் பாதங்கள் தெரிந்தன. பாரூக் கைகளை மெதுவாக மடக்கித் தன் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“ஏலே அப்பு. உள்ளதான இருக்க?”

“இங்கதான் இருக்கேன்த்தா.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா.”

“எனக்கும் தெரியலத்தா.”

அவர் கையை எடுக்கவில்லை. வெயில் ஏறியது, யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விக்னேஷ்குமார்தான், “சார், அவரு தொடவே இல்லையே, ஆட்டம் போகுதா நிக்கிதா?” என்று கேட்டான். ஸ்தனிஸ்லாஸ் விசில் ஊதி, பிடித்தாயிற்று என்று கையைக் காட்டினார். பிடிபட்டவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும் என்பது ரக்பி விதி. முகமது பாரூக்கின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து பந்தைத் தரையில் வைத்தது. கீர்த்தனா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.