இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பும் முறை

வாஷிங் மெஷின் நிறுவனமொன்றின் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் வசவு வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, இனி வேறு தொழில் பார்ப்பதென்று தீர்மானித்தாள். சட்டக் கல்லூரி, பிசினஸ் கல்லூரி இரண்டிலும் மாலை வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஞாயிறு மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்து தெரிவிக்காவிடில் இரண்டும் கைநழுவிப் போகும். அவள் மனமோ இங்கொரு கால், அங்கொரு கால் வைத்து நின்றது.

இயந்திரத்தின் கோளாறு பிடிபடாவிட்டால், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பி, இருவர் சொல்வதையும் கேட்பது அவள் அலுவலக வழக்கம். அதையே வீட்டிலும் செய்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை கணவனிடம், "சட்டம் படிக்கப் போறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். உடன் வசிக்கும் நாத்தனாரிடம், "பிசினஸ் படிக்கப் போறேன், உன்னோடயே இருக்கட்டும்" என்றாள்.

பிசகு அங்கேதான் நேர்ந்தது. மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். வீட்டாரோ உடனே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலைத் தேநீரின்போது கணவன் பெருமிதம் தாளாமல் வாய்விட்டான்.

"மாடிவீட்டுக்காரர்கிட்ட, என் வீட்டம்மா வக்கீலாகப் போறாங்கன்னு சும்மா போட்டு வெச்சேன். மறுநாளே ஆள் கூட்டிட்டு வந்து அவர் வீட்டுக் குழாயை மாத்திட்டார். நம்ம குளியலறை ஒழுகறது நின்னுடுச்சு."

நாத்தனார் கோப்பையைக் கீழே வைத்தாள். "வக்கீலா? அண்ணி பிசினஸ் படிக்கப் போறாங்க. அவங்களை நம்பி நேத்து ராஜினாமா எழுதி வெச்சுட்டேன். தையல் கடை போடப் போறோம்."

"அது உன் அண்ணிக்குத் தெரியுமா?"

"திடீர்னு சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம்னு இருந்தேன்."

இருவர் பார்வையும் அவள்மீது திரும்பியது.

"எங்க ரெண்டு பேர் காதுலயும் நல்லாப் பூ சுத்தியிருக்கே" என்றான் கணவன்.

"ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டீங்கல்ல, அது நிஜம்தானே?"

அதற்குள் அழைப்புமணி ஒலித்தது. ஒரு பை பழத்துடன் மாடிவீட்டுக்காரரே நின்றிருந்தார்.

"வக்கீலம்மா, ஒரு சின்ன விஷயம். பக்கத்துக் கடைக்காரன் என் கடைப் பலகையை மறைச்சு அவன் பலகையை மாட்டிட்டான்."

அவள் மறுத்திருக்க வேண்டும். ஆனால், "எப்போ மாட்டினார்? அதுக்கு முன்னாடி உங்க பலகை எங்க இருந்தது?" என்று கேட்டுவிட்டாள். அலுவலகத்தில் புகார் கேட்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பவளுக்கு, அன்று தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. கேள்விமேல் கேள்வியாகத் துருவியதில், பக்கத்துக் கடை ஜன்னலைத் தம் பலகைதான் முதலில் மறைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

"அப்போ முதல்ல நீங்க நகர்த்துங்க. நான் இன்னும் வக்கீலுக்குப் படிக்கவே இல்லை, பழத்தையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் போனதும் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, அவர் கடையில எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க. சீருடை தைக்க ஆர்டர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அட, தோணவே இல்லையே."

"உங்களோட கடை போட்டா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். தயவுசெஞ்சு வக்கீலுக்கே படிங்க."

வாழ்க்கையில் இவ்வளவு இனிமையாக எவரும் தன்னைக் குறை சொன்னதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பேசியை எடுத்து, சட்டக் கல்லூரிக்குச் சம்மதம் தெரிவித்தாள்.

"என் ராஜினாமா?" என்றாள் நாத்தனார் மெல்ல.

"உங்க முதலாளி படிச்சாரா?"

"ஊர்ல இல்லை. நாளைக்குத்தான் வருவார். மேஜை மேல வெச்சிருக்கேன்."

"அப்போ நாளைக்கு அவருக்கு முன்னாடி போயிடு."

கணவன் திடுக்கிட்டான். "இதுதான் நீ படிக்கப்போற சட்டமா?"

"வகுப்பு இன்னும் ஆரம்பிக்கலையேங்க" என்றாள் அவள் அடக்கமாக.