அதே இடம், அதே வெயில்

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சனி ஞாயிறு நகரத்துக்குப் போய்வருவது சுகம் என்று சொன்னவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்காது. ஒன்று தண்ணீர் கேட்கும், அதைக் கவனிப்பதற்குள் இன்னொன்று காணாமல் போகும். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எட்டு வயதுப் பெரியவள் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எந்த நகரம், எந்த விடுதி, எத்தனை மணிக்கு எங்கே என்று அவள்தான் சொன்னாள். மருந்துக்கடை வைத்திருக்கும் அப்பா, எள் என்றால் எண்ணெயாக நின்று அத்தனையும் ஏற்பாடு செய்தார்.

அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள் பிள்ளைகளுக்குச் சித்தி. வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர்களுடைய அம்மா இறந்தபோது சின்னவன் கைக்குழந்தை; இப்போது அவனுக்கு மூன்றரை வயது. அக்கா சித்தி என்றால் அவனும் சித்தி என்பான். அது தப்பில்லை, உள்ளதைத்தானே சொல்கிறான். ஆனாலும் ஒரே ஒரு முறை "அம்மா" என்று கூப்பிட்டுவிட மாட்டானா என்று அவள் உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மூச்சு விடவில்லை.

அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவள். மூடிய கண்ணைத் திறப்பாள், முகத்துப் பருவை எடுப்பாள். ஆனால் அவள் பெயர் சொல்லித் தேடி வருகிறவர்கள் வேறு காரியத்துக்கு வருவார்கள். மகளின் கல்யாணப் படத்தில், போன வருடம் செத்துப்போன அப்பாவும் நிற்க வேண்டும். அப்படி எத்தனையோ பேரை அவள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். ஒட்டியது தெரியாமல் எப்படிச் செய்வது என்று ஒருநாள் சாப்பிடும்போது பெரியவள் கேட்டாள். தன் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை என்பதால் இவளும் கொஞ்சம் பெருமையோடு சொன்னாள்.

"வெயில்தான் காட்டிக் குடுத்துடும். அதே இடத்துல, அதே நேரத்துல, அதே மாதிரி நிக்க வச்சு எடுத்துட்டா, கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

சனிக்கிழமை காலை, விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிய அம்மாள் சின்னவனைப் பார்த்துக் கன்னத்தைத் தொட்டாள்.

"அன்னிக்கு அம்மா இடுப்புலயே இருந்தான், இப்ப என்னமா ஓடுறான். நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்கம்மா."

இதற்கு முன்பும் இவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள் என்று சித்திக்கு அப்போதுதான் தெரிந்தது. கணவர் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "அது நான் இல்லைங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை, சிரித்துவைத்தாள். பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியின் காதில் ஏதோ சொன்னாள்.

"அம்மா, ஜாம் வேணும்" என்றான் சின்னவன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரியும் இருந்தது. இருந்தாலும் படித்தாள். ரொட்டியின் ஓரம் வரைக்கும் ஜாம் தடவிக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு மீன் காட்சியகம். மற்றப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருக்க, பெரியவள் மீன் பக்கமே திரும்பவில்லை. சித்தியைச் சுறாத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஒரு அடி பின்னால போங்க. கைய இப்படி மடக்குங்க. இன்னும் மேல."

"எதையாவது தூக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம். கை மட்டும் அப்படியே இருக்கட்டும். தலைய குனிஞ்சு கையப் பாருங்க."

தானும் வருவேன் என்று ஓடிவந்த தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்து அப்பாவிடம் தள்ளிவிட்டு, பெரியவள் அப்பாவின் போனில் படம் எடுத்தாள். ஒன்றுமில்லாத கையைக் குனிந்து பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். பின்னால் அந்தப் பெரிய மீன் சத்தமில்லாமல் போய் வந்தது. எதையும் சுமக்காத கை அப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு மணிக்கூண்டு. ஐஸ்கிரீம் வண்டி பக்கத்திலேயே நின்றது, சின்னவன் தரையில் புரண்டான், பெரியவள் அசையவில்லை. அவள் கண் படிக்கட்டின்மேல் இருந்தது. கூண்டின் நிழல் ஒவ்வொரு படியாக ஏறி மூன்றாவது படியைத் தொட்டதும், "இப்ப நில்லுங்க" என்றாள். வெயிலுக்குக் காத்திருக்கிறவர்களைச் சித்தி ஸ்டூடியோவில் நிறையப் பார்த்திருக்கிறாள். ஒரு குழந்தை அப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை. மறுபடியும் கையை மடக்கி நின்றாள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருப்பது போலவும், தான் அவள்மேல் ஏறி நிற்பது போலவும் இருந்தது.

ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பினார்கள். இத்தனை செலவழித்து நகரத்துக்கு வந்ததில் சின்னவனுக்குப் பிடித்தது லிஃப்ட் ஒன்றுதான். அவனை ஏற்றி இறக்கிக் காட்ட அப்பா கூட்டிப்போனார். கதவு சாத்தியதும் பெரியவள் தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

உள்ளே மூன்று படங்கள். சுறாத் தொட்டி, மணிக்கூண்டு, படகுத்துறை. மூன்றிலும் ஒரு பெண் கைக்குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒடிசலான உடம்பு, இவளுடைய உயரம்.

"படகுத்துறை மட்டும் பாக்கி, நாளைக்குப் பத்து மணிக்கு" என்றாள் பெரியவள். "அப்புறம் நீங்க ஸ்டூடியோவுல உக்காந்து அம்மாவ எடுத்துட்டு உங்கள வச்சிடுங்க."

"எதுக்குடி கண்ணு?"

"தம்பிக்கு அம்மா முகம் தெரியாதுல்ல? நீங்கதான் முதல்லேருந்து இருக்கீங்கன்னு நெனச்சுக்குவான். அவனுக்கு அம்மா செத்துப்போயிருக்கவே மாட்டாங்க."

"அப்போ நீ?"

பெரியவள் கவரின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சித்தி. நான் மட்டும் தனியா அழுதுக்கறேன்."

அவள் பெரியவளின் தலையை வருடினாள். ஆனால் படம் திருத்துகிறவளின் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. முகவாய் கொஞ்சம் அகலம், நெற்றி சரியாகப் பொருந்தும், ஒரு படத்துக்கு ஒரு மணி நேர வேலை என்று அது கணக்குப் போட்டுவிட்டது. அவ்வளவு சுலபம் என்பதுதான் பயமாக இருந்தது. இதுவரை செத்தவர்களை உள்ளே கொண்டுவந்திருக்கிறாளே தவிர, யாரையும் வெளியே அனுப்பியதில்லை. அனுப்பிவிட்டால் காலம் முழுக்க ஒரு பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடும்.

"பாக்கலாம்" என்றாள். பெரியவர்கள் நழுவிக்கொள்ள வைத்திருக்கும் சொல் அது.

ஞாயிறு காலை படகுத்துறையில் காற்று பலமாக இருந்தது. பெரியவள் கம்பி வேலி ஓரமாக அவளை நிறுத்தி, தோளைத் திருப்பி, கையை மடக்கி வைத்தாள். அன்றைக்குச் சின்னவன் அடங்கவில்லை. அப்பாவின் பிடியை உதறிவிட்டு ஓடிவந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"நான் எங்க நிக்கணும்?"

"நீ நிக்க வேணாம். நீ அம்மா கையிலதான் இருக்க" என்றாள் அக்கா.

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். மடங்கிய கைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை. அவன் முகம் மாறியது. தான் அங்கே இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இல்லையே, நான் இங்க இருக்கேனே" என்று உதட்டைப் பிதுக்கினான்.

அவ்வளவுதான், அவளால் முடியவில்லை. கையை இறக்கினாள். கீழே உட்கார்ந்து, பெரியவளின் பையிலிருந்த கவரைத் திறந்து படகுத்துறைப் படத்தை எடுத்து அவன் முன்னால் பிடித்தாள்.

"இதோ, கையில இருக்கறது நீ. தூக்கிட்டு நிக்கறது உன் அம்மா. உன்னைப் பெத்தவங்க. அவங்க செத்துப்போயிட்டாங்கடா செல்லம்."

"நீங்க?"

அதைச் சொல்ல அவளுக்கு அடிவயிற்றிலிருந்து பலம் தேவைப்பட்டது. "நான் சித்தி."

"கெடுத்துட்டீங்க, எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க" என்று பெரியவள் அவள் தோளில் குத்தினாள். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிள்ளை பழசை நினைத்து ஆசைப்படுகிறது என்றுதான் அவர் இந்த ஊருக்கே கூட்டிவந்திருந்தார்.

சின்னவன் அழவில்லை. படத்தை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான்.

"நீ இவங்கள பாத்திருக்கியா?"

"ம்."

"எப்படிப் பேசுவாங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் தனியாகக் காவல் காத்ததில், அந்தக் குரல் எப்போது காணாமல் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல. அப்பா, எனக்கு அம்மா குரல் ஞாபகம் இல்லப்பா" என்று விம்மத் தொடங்கினாள்.

அப்பா வந்து தரையில் உட்கார்ந்து இருவரையும் இழுத்துக்கொண்டார். மூன்று வருடமாக அந்தப் பேச்சையே எடுக்காதவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் மூக்கால பேசுவா உங்கம்மா" என்றார்.

பெரியவள் ஈரக் கண்ணோடு நிமிர்ந்தாள். "சித்தி, நீங்க கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?"

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் எழுந்து, படகுக்குச் சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்றாள். பின்னாலிருந்து காற்றோடு ஒரு குரல் வந்தது. "ஏ ராஜாத்தி, எங்கடி போயிட்ட, பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு" என்று இழுத்து, மூக்கால், கொஞ்சலும் கோபமுமாக. கணவரின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை. ஒன்றரை நாளாக அந்தப் பெண்ணின் இடத்தில் நின்றும் அவள் குரலைக் கேட்டதில்லை, இப்போதுதான் கேட்கிறது. சின்னவன் கெக்கெக்கே என்று சிரித்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றான். குரல் மறுபடியும் கூப்பிட்டது. பெரியவள் அழுதுகொண்டே சிரிப்பதும் கேட்டது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"எத்தனை பேரும்மா?" என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

"பெரியவங்க மூணு, சின்னவங்க ரெண்டு."

சொன்ன பிறகுதான் ஓர் ஆள் கூடுதலாக எண்ணிவிட்டது தெரிந்தது. திருத்திச் சொல்லவில்லை. ஐந்து சீட்டையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் கூப்பிடும்வரை அங்கேயே நின்றாள்.