உட்காராத மதினி

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியை மேம்படுத்தும்போதெல்லாம் அது கொஞ்சம் தள்ளிப் போகும். முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எக்ஸ்ரே மிஷின் வந்ததும் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் போனது. ரத்தப் பரிசோதனைக் கூடம் வந்ததும் கண்மாயைத் தாண்டிவிட்டது. போன மாதம் முதியோர் சிறப்புப் பிரிவு திறந்தார்கள். இப்போது அது கரிசல்காட்டின் கடைசியில், கருவேல மரங்களுக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறது.

யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. வளர்ச்சி என்றால் அப்படித்தான் என்று கவுன்சிலர் சொல்லிவிட்டார்.

என் மதினி வெயிலுகந்தாளுக்குக் காலில் சர்க்கரைப் புண். அவள் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் போன பிறகு நாங்கள் இருவர்தான் அந்த வீட்டில். இருவரும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தே கிழவியானவர்கள். புண் கருக்க ஆரம்பித்திருந்தது. விட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும்.

"ஏட்டி சீனி, என்னால நடக்க முடியாது," என்றாள் மதினி.

"நீங்க நடக்க வேண்டாம். எனக்கு இருக்குற கோவத்துக்கு ரெண்டு பேருக்கும் சேத்து நானே நடந்துருவேன்."

ஆட்டோக்காரர் காட்டு விளிம்பில் வண்டியை நிறுத்தினார்.

"இதுக்கு மேல வராது. சத்தம் கேட்டா ஆஸ்பத்திரி இன்னும் நகந்துரும்."

மதினியை முதுகில் ஏற்றிக்கொண்டேன். அரவமில்லாமல் போனோம். ஆஸ்பத்திரி எங்களைக் கவனிக்கவில்லை.

வாசலில் மேம்பாட்டு அலுவலர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ரோஜாப்பூ.

"வாழ்த்துகள்," என்றார்.

"எதுக்கு?"

"வந்து சேந்துட்டீங்களே. அம்மாவுக்கு என்ன வயசு?"

"எழுவத்தஞ்சு."

அவர் முகம் வாடியது. "அப்ப இங்க வரக்கூடாதே. இது முதியோர் பிரிவு. முதியோர் வர ஆரம்பிச்சா கூட்டமாயிரும். சேவையோட தரம் கெட்டுரும்."

"பின்ன யாரு வரணும்?"

"முதியோர் ஆகப்போறவங்க. அம்மா நாப்பது வயசுல வந்திருக்கணும்."

"நாப்பது வயசுல எனக்கு யாரு லீவு குடுத்தா?" என்றாள் மதினி.

அவர் யோசித்தார். "நியாயம்தான். உள்ள போயி உக்காருங்க."

உள்ளே ஒரே நடைகூடம். இரண்டு பக்கமும் இரும்பு நாற்காலிகள். ஒரு நாற்காலியின் கையில் கண்ணாடி வளையல்கள் கிடந்தன. இன்னொன்று இருமியது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்த நாற்காலியை எனக்குத் தெரியும். அவர் எங்கள் தெருத் தபால்காரர் இருளப்பன்.

"அண்ணாச்சி, என்ன இப்படி ஆயிட்டீங்க?"

"உக்காரச் சொன்னாக. உக்காந்தேன். பொறுமையா இருக்கச் சொன்னாக. இருந்தேன்."

மைக்கில் ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது: "பெரியோர்களே, தயவுசெய்து அமரவும்."

"உக்காந்துறாதீங்க மதினி," என்றேன்.

நடைகூடத்தின் கடைசியில் வெள்ளைப் புள்ளியாக டாக்டர் தெரிந்தார். மதினியை இறக்கி, தோளில் தாங்கிக்கொண்டு நடந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு கொத்தனார் டைல்ஸ் ஒட்டிக்கொண்டே போனார். அவர் ஒட்ட ஒட்ட நடைகூடம் நீண்டது.

"எதுக்குய்யா நீட்டுறீரு?"

"விரிவாக்கம்மா," என்றார் அவர், திரும்பாமல்.

மதினியின் முழங்கால் மடங்கியது. தொட்டுப் பார்த்தேன். கணுக்கால் குளிர்ந்து இரும்பாகியிருந்தது.

"கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடுதேன் சீனி. எல்லாரும் உக்காந்துதான இருக்காக."

 பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் திட்ட ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு எப்பவும் அடுத்தவ தோளுதான் வேணும். எங் கல்யாணத்துக்கு மறுநாளே என் குழம்புல உப்பில்லன்னு ஊரைக் கூட்டுனவதான நீங்க?"

மதினி தலையை நிமிர்த்தினாள்.

"உப்பா? அதுல குழம்பே இல்லட்டி! சுடுதண்ணியில புளியக் கரைச்சு வச்சிருந்த!"

முழங்கால் நிமிர்ந்தது. கணுக்காலில் சூடு ஏறியது. நான் விடவில்லை. என் தம்பிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதைக் கேட்டேன். அவள் என் அம்மாவின் வாயைப் பற்றிச் சொன்னாள். நாற்பது வருஷச் சண்டையைப் போட்டுக்கொண்டே வேகமாக நடந்தோம். கொத்தனாரால் எங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்.

டாக்டர் எதிரே ஓடி வந்தாள். சின்னப் பெண். செருப்பு வார் அறுந்திருந்தது.

"வேலையில சேந்ததுலேர்ந்து நடந்துக்கிட்டே இருக்கேம்மா. இன்னைக்குத்தான் ஒரு நோயாளிகிட்ட வந்து சேந்திருக்கேன்," என்று சொல்லி அழுதாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். காலைப் பாருங்க," என்றாள் மதினி.

டாக்டர் அங்கேயே மண்டியிட்டாள். புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துக் கட்டினாள்.

"கால் தப்பிச்சிரும். ஆனா தெனமும் கட்டு மாத்தணும். நாளைக்கும் வந்துருங்க."

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நாங்க வர மாட்டோம். நீங்க வாங்க."

அலுவலர் ஓடி வந்தார். "டாக்டர் வெளிய போயிட்டா ஆஸ்பத்திரி இங்க என்ன செய்யும்?"

"உக்காந்திருக்கட்டும்," என்றாள் மதினி.

திரும்பும் வழியில், எனக்குப் பழக்கமான நாற்காலிகளை எல்லாம் திட்டினேன். தபால்காரரை, மணியார்டர் கொண்டுவரும்போதெல்லாம் காசு பிடுங்கியதற்காகத் திட்டினேன். எகிறி எழுந்து, அது அன்பளிப்பு என்று கத்தினார். இன்னும் சிலர் எழுந்தார்கள். முன்பின் தெரியாதவர்களை எதைச் சொல்லித் திட்டுவது? அவர்கள் அப்படியே இருந்தார்கள். வளையல் போட்டவளும் அதில் ஒருத்தி. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

சாயங்காலம் டாக்டரோடு எங்கள் தெருவுக்கு வந்தோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கால் நீட்டியிருந்தது. வீங்கிய கால், வளைந்த கால், துணி சுற்றிய கால். ஆட்கள் உள்ளே இருட்டில் இருந்தார்கள்.

"இவங்கள்லாம் யாரு?" என்றாள் டாக்டர்.

"அவ்வளவு தூரம் வர முடியாதவங்க."

முதல் கால் எதிர்வீட்டுக்காரியுடையது. மதினிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மதினி குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள்.

"இவளுக்கு மொதல்ல பாருங்க," என்றாள்.

டாக்டர் பையைத் திறந்தாள். நான் தெருக்கோடி வரை பார்த்தேன். ஒரு கால்கூடப் பொறுமையாக இல்லை. எல்லாம் குதிகாலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தன.